பதினைந்து பெற்றோரும் ஓர் ஆசிரியரும்

மலர்க்குழுவினர் வழக்கம்போல் என்னிடம் தலவரலாறு குறித்து ஒரு கட்டுரை கேட்டனர். அதை இருமுறை எழுதிவிட்டேன். மூன்றாம் முறை எழுதினால் அம்மனே சலித்துக்கொள்வாள். ஆகவே சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓர் அன்பர் எழுந்து கேட்ட கேள்விக்கு இங்கே பதில் எழுத அனுமதி பெற்றுக்கொண்டேன்.

அவர் நீண்டகால நன்கொடையாளர். பழைய தோட்டத்தில் இருந்தபோதே அவர் தந்தையார் கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர். அவர் கேட்டது இதுதான்: "கோயில் பணத்தை ஆசிரியர் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஆசிரியர்களை உருவாக்குவது அரசாங்கத்தின் வேலையல்லவா?" கேள்வி நியாயமானது. அன்று நேரமின்மையால் செயலவை சரியாகப் பதில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப் பேருக்கே விவரம் தெரியாது. முப்பத்தேழு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் விளக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டம் என்றாலே ரப்பர்தான். செம்பனையும் வர்த்தக முறையில் நாட்டிலேயே முதன்முதலாக 1917இல் நடப்பட்டது நம் தெனாமாரம் தோட்டத்தில்தான் என்பதை இளைஞர்கள் பலர் அறியார். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது? வெள்ளைக்காரத் துரைமார் மனமிரங்கிக் கட்டியதல்ல. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான ஓரினப் பிள்ளைகள் பத்துப் பேர் தோட்டத்தில் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி நடத்த வேண்டும் என்றுதான் விதித்தார்கள். யார் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. காலையில் பிரட்டுக்கு ஆள் கணக்கு எடுத்த கங்காணியோ, ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணியோ, தேவாரம் தெரிந்த பண்டாரமோ வாத்தியாரானார். பல இடங்களில் கோயில் மண்டபமே பள்ளிக்கூடம். ஆக, கோயிலுக்கும் பள்ளிக்கும் உள்ள உறவு நம் செயலவை புதிதாகக் கண்டுபிடித்ததல்ல.

ஆசிரியர் பதிவு என்ற ஒன்று இந்நாட்டில் தோன்றிய விதமும் சுவையானது. 1920இல் பள்ளிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பள்ளி, அதன் நிர்வாகி, ஆசிரியர் ஆகிய மூவரும் பதிவு பெற வேண்டும். ஆசிரியருக்குப் பாடம் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக வந்த சட்டமல்ல அது. சீனப் பள்ளிகளில் அரசியல் உணர்வு பரவுவதைக் கண்டு அஞ்சிய ஆங்கில ஆட்சி, யார் வகுப்பில் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளவே அதைக் கொண்டுவந்தது. காவல்காரனின் பேரேடு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத் திறமை பற்றிய கேள்வி பிறகுதான் வந்தது.

1956இல் ரசாக் அறிக்கையும் 1957இல் கல்விச் சட்டமும் வந்தபின் தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் சேர்ந்தன. அப்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு; இன்று சுமார் 530. அவற்றுக்கெல்லாம் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒரே நாளில் கிடைத்துவிடுவாரா? பயிற்சி இல்லாத தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டே பல ஆண்டுகள் வண்டி ஓடியது. நானும் அந்த வண்டியில் ஏறியவன்தான். ஐந்தாம் படிவம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த என்னை ஒரு தோட்டப்பள்ளியின் தலைமையாசிரியர் அழைத்து, மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்து, "பார்த்துக்கொள் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய் முறையாகப் படித்தபோதுதான், அந்த இரண்டு ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கை எவ்வளவு தவறாகச் சொல்லிக்கொடுத்தேன் என்பது விளங்கியது. அவர்களில் ஒருவர் இன்று நம் கோயில் கணக்காய்வாளர். என்னை மீறிப் படித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இனி இன்றைய நிலைமைக்கு வருகிறேன். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பதிலாக வந்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், 1997 டிசம்பர் 31ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதன்படி பதிவு பெற்ற ஆசிரியரே கற்பிக்கலாம். பதிவு இல்லாதவர் கற்பிக்க வேண்டுமானால் கற்பித்தல் அனுமதி பெற வேண்டும். ஆனால் ஓர் ஆசிரியர் எந்தப் பாடத்திற்கு உரியவர் என்பதைத் தீர்மானிப்பது அவர் கல்லூரியில் எடுத்துப் பயின்ற சிறப்புப் பாடம். ஆசிரியர் அறையில் இதை 'ஒப்ஷன்' என்போம். கணித ஒப்ஷன், ஆங்கில ஒப்ஷன், தமிழ் ஒப்ஷன் என்றால் அனைவருக்கும் விளங்கும். ஒப்ஷன் ஒன்றாகவும் கையில் கொடுக்கப்படும் பாடம் வேறாகவும் இருப்பதுண்டு. ஆசிரியர் பற்றாக்குறை வந்தால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? காலியாக இருக்கும் அட்டவணைக் கட்டத்தில் யார் பெயரையாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

இதன் பெரிய உதாரணத்தை நாம் அனைவரும் கண்ணால் கண்டோம். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் போதிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை வந்தது. அதுவரை தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், முதலாம் ஆண்டிலிருந்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும். மடிக்கணினி கொடுத்தார்கள், ஒளிபரப்பிக் கருவி கொடுத்தார்கள், குறுகிய காலப் பயிற்சியும் ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். நானும் பயிற்சிக்குப் போனேன். பயிற்றுநர் நல்ல மனிதர். ஆனால் இருபது ஆண்டுகள் ஒரு மொழியில் சிந்தித்துக் கற்பித்த ஐம்பது வயது ஆசிரியையை ஒரு வாரத்தில் வேறு மொழிக்கு மாற்றுவது என்பது, ஓடுகிற லாரிக்குச் சக்கரம் மாற்றுவது போன்றது. அந்த அம்மையார் வகுப்பில் கணினியை ஓடவிட்டு, அது பேசி முடித்ததும் தமிழில் விளக்கம் சொல்வார். பிள்ளைகளுக்கு விளங்கியது அந்த விளக்கம்தான். 2009 ஜூலையில் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்து, 2012 முதல் படிப்படியாக மாற்றியது. கொள்கை சரியா தவறா என்ற வாதத்திற்குள் நான் போகவில்லை. அதில் நம் செயலவையிலேயே இரண்டு கட்சி உண்டு. பாடத்தை மாற்றுவதற்குச் சுற்றறிக்கை ஒன்று போதும், ஆசிரியரை மாற்றுவதற்கு ஆண்டுகள் தேவை என்பதை மட்டும் அன்று பட்டுணர்ந்தேன்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சங்கடமல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே ஆசிரியர் உரிமம் வழங்குகிறது. அந்த உரிமத்திலேயே இவர் இன்ன பாடத்தை, இன்ன வகுப்புகளுக்குக் கற்பிக்கத் தகுதியுடையவர் என்று எழுதப்பட்டிருக்கும். கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி, ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கிலம் ஆகியவற்றுக்கு அங்கே ஆள் கிடைப்பதில்லை. ஆகவே ஏற்கெனவே உரிமம் பெற்ற ஆசிரியர் ஒரு தேர்வு எழுதியோ, சில பாடங்கள் கூடுதலாகப் படித்தோ தம் உரிமத்தில் இன்னொரு பாடத்தைச் சேர்த்துக்கொள்ள மாநிலங்கள் வழிசெய்கின்றன. இருக்கும் ஆசிரியரை இன்னொரு பாடத்திற்குத் தகுதியாக்கிக்கொள்ளும் முறை இது. நன்றாகச் செய்தால் பலன் உண்டு. தேர்வை எளிதாக்கிப் பெயருக்குச் செய்தால், காலியான கட்டத்தில் பெயர் எழுதுகிற அதே பழைய கதைதான்.

தமிழ்நாட்டில் வேறு வழி பிடித்தார்கள். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தபோது இலட்சக்கணக்கானோர் எழுதி மிகச் சிலரே தேறினர். அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் நடத்த வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ளவர்களானால், இரண்டு ஆண்டுக்குள் அத்தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருபது ஆண்டுகள் கற்பித்தவரைத் தேர்வு மண்டபத்தில் உட்கார வைப்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் அந்த இருபது ஆண்டுகளும் நன்றாகத்தான் கற்பித்தார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

நம் நாட்டில் 2021இல் கல்வியமைச்சு ஒரே தடவையில் 18,702 ஆசிரியர்களைச் சேர்ப்பதாக அறிவித்தது. கல்வியியல் பட்டம் இல்லாத பட்டதாரிகளுக்கும் அதில் இடமளித்தார்கள். இடைவெளி எவ்வளவு பெரிது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

இப்போது அன்பரின் கேள்விக்கு நேராக வருகிறேன். நம் வட்டாரத்தில் அதிகம் வலிக்கும் இடம் இடைநிலைப்பள்ளித் தமிழ். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் பிள்ளை தமிழ் படிக்க வேண்டுமானால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடக்க வேண்டும். கல்விச் சட்டம் என்ன சொல்கிறது? அந்தப் பள்ளியில் பயிலும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும் என்கிறது. பெற்றோர்கள் இந்தச் சொற்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் பதினைந்து பேர் என்பதே சட்டம். ஒரு வகுப்பில் பதினைந்து பேர் என்றல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் முதலாம் படிவத்துப் பெற்றோர் பதினொருவர் கடிதம் கொடுத்தனர். போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகவல் கோயிலுக்கு வந்தது. நானும் செயலவை உறுப்பினர் இருவரும் சட்டப் புத்தகத்தின் நகலை எடுத்துக்கொண்டு, இரண்டாம் மூன்றாம் படிவத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஏறி இறங்கினோம். தோட்டம் துண்டாடப்பட்டபின் குடும்பங்கள் புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் சிதறிக் கிடக்கின்றன. லயத்தில் இருந்த காலமானால் ஒரே மாலையில் முடிந்திருக்கும். எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரு தாயார், "தமிழ் எடுத்தால் கணக்கில் மார்க் குறையுமா ஐயா?" என்று கேட்டார். இன்னொரு வீட்டில் தந்தையார் முகங்கொடுத்தே பேசவில்லை. இறுதியில் பத்தொன்பது கடிதங்கள் சேர்ந்தன. பள்ளி மறுக்கவில்லை, வகுப்பு அட்டவணையில் ஏறியது.

ஏறியபின்தான் அடுத்த சிக்கல். கற்பிக்க யார்? சட்டம் வசதி செய்யச் சொல்கிறதே தவிர, தமிழ் ஒப்ஷன் ஆசிரியர்தான் கற்பிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அப்பள்ளியில் இருந்த ஒரே தமிழாசிரியர் உடற்கல்வி பயின்றவர். தமிழ் பேசுகிறாரே, போதும் என்று வகுப்பை அவரிடம் ஒப்படைத்தனர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரே ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் என்னிடம் வந்து, "சார், எனக்கே புணர்ச்சி விதி மறந்துபோச்சு. நான்காம் படிவத்துக்கு இலக்கியம் எப்படி நடத்துவது?" என்று கேட்டார். அந்த நேர்மைக்காகவே அவர் பெயரில் ஓர் அர்ச்சனை செய்தேன். அவர் தம்மால் இயன்றதைச் செய்தார். வகுப்பு பள்ளி முடிந்தபின் நடந்ததால், பேருந்தைத் தவறவிட முடியாத தூரத்துப் பிள்ளைகள் மெல்ல மெல்ல நின்றார்கள். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி எழுதியவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் யாரும் தமிழ் இலக்கியம் எடுக்கவில்லை.

ஆறு பேர் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று சிலர் நினைக்கலாம். ஆசிரியர் கல்விக் கழகத்தில் தமிழ்ப்பள்ளிக்கான பட்டப்படிப்பில் சேர வேண்டுமானால் எஸ்.பி.எம். தமிழ்மொழியில் தேர்ச்சி கட்டாயம். தமிழ்ப்பள்ளிக்குக் கணித ஆசிரியராகப் போகிறவருக்கும் அப்படித்தான். மற்ற பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும் தமிழ் இல்லையேல் அந்த வாசல் அடைபட்டது. ஆக, இன்று ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு நின்றால், ஏறக்குறைய பத்தாண்டு கழித்து நம் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆசிரியர் குறைவார். அந்த ஆசிரியர் இல்லாததால் இன்னொரு வகுப்பு நிற்கும். 2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைப்பதாக அறிவிப்பு வந்தபோது நம் சமுதாயம் ஏன் அவ்வளவு பதறியது என்பது இதனால் விளங்கும். தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே தள்ளப்பட்டுவிடும் என்ற அச்சம் அது. பின்னர் அது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது.

நம் கல்வி நிதி இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு அரசாங்கம் மாதப் படி கொடுக்கிறது. அதை நாம் கொடுப்பதில்லை. விண்ணப்பம், தகுதித் தேர்வு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றுக்குப் போய்வரும் செலவு, முதல் தவணைக்கான முன்பணம், ஒரு கணினி, இவ்வளவுதான் நம் உதவி. பட்டப்படிப்பு முடிய ஆயத்தக் காலத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். பெர்ணம் ஆற்றுக்கு அக்கரையிலேயே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது; 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய அங்கே தமிழ்க் கல்விப் பட்டமும் உண்டு. அதற்குப் போகிறவர்களுக்கும் இந்நிதி பொருந்தும்.

எஸ்.பி.எம். தமிழுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்துவதும் இதே நிதிதான். இங்கே ஒரு சட்ட விவரத்தை மற்ற ஆலய அன்பர்களும் அறிந்துகொள்ள வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வழக்கமாகக் கற்பிக்கப்படும் இடம் சட்டப்படி பள்ளி. சமயம் மட்டும் கற்பிக்கும் இடத்திற்கு விலக்கு உண்டு. அதாவது, மண்டபத்தில் இருபது பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தால் அது பள்ளியல்ல. அதே பிள்ளைகளுக்கு அதே பாயில் வைத்து இலக்கணமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தால் பதிவு வேண்டும், கற்பிப்பவருக்கும் பதிவோ அனுமதியோ வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள் என்று நாங்களும் முதலில் இருந்துவிட்டோம். பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரித்து, தீயணைப்பு நிலையம், ஊராட்சி மன்றம் என்று அலைந்து முறைப்படி செய்துகொண்டோம். பணியில் உள்ள அரசாங்க ஆசிரியர் வந்து கற்பிப்பதானால் அவர் துறையின் முன் அனுமதி பெற வேண்டும் என்பதையும் அப்போதுதான் செயலவை உணர்ந்தது.

மேலே சொன்ன ஆறு பேரில் ஒரு பெண், பால்மரம் சீவிய பாட்டியிடம் வளர்ந்தவள், இந்நிதியின் உதவியோடு பயிற்சி முடித்து ஆசிரியையாகிவிட்டாள். ஆனால் அவளுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. "நம் பணத்தில் படித்தவள் ஜொகூர்ப் பிள்ளைகளுக்கல்லவா சொல்லிக்கொடுக்கிறாள்!" என்று ஒருவர் அங்கலாய்த்தார். உண்மைதான். எங்கே அனுப்புவது என்பது அமைச்சின் கையில். ஆனால் நம் தோட்டப்பள்ளிகளில் ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவித்த ஆசிரியர்கள் பலர் பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களை அனுப்பிவைத்த ஊர்கள் நம்மிடம் கணக்குக் கேட்டதில்லை. உதவி பெற்றவர் இவ்வட்டாரத்தில்தான் பணியாற்ற வேண்டும் என்று நிபந்தனை போடலாமா என்றும் செயலவையில் பேசினோம். நம்மால் நிறைவேற்ற முடியாத நிபந்தனையை எழுதுவதில் பொருளில்லை என்று விட்டுவிட்டோம். எனக்கு அதில் இன்னும் முழு நிறைவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ராஜகோபுர வர்ணப் பூச்சுக்குத் தனி நிதி இருக்கிறது. கல்வி நிதியிலிருந்து ஒரு வெள்ளிகூட அதற்கோ, அதிலிருந்து இதற்கோ மாற்றப்படுவதில்லை. இரண்டின் கணக்கும் இம்மலரின் பின்பகுதியில் தனித்தனியே அச்சிடப்பட்டுள்ளது. நன்கொடை ரசீதில் எந்த நிதிக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்கும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டு இடைநிலைப்பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்காகத் தமிழ் வகுப்புக் கோரிக்கைக் கடிதத்தின் மாதிரியைத் தேசிய மொழியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். பெயரையும் பிள்ளையின் வகுப்பையும் நிரப்பிக் கையொப்பமிட்டால் போதும். வெள்ளிக்கிழமைகளில் இரவுப் பூசை முடிந்ததும் மண்டபத்தின் பின்னறையில் நான் இருப்பேன். மூத்த பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தால் அவர்களுக்கும் சேர்த்து இரண்டு படிவங்கள் வாங்கிச் செல்லுங்கள்.